மகனுக்கு நான் வரைந்து கொடுத்த தெருக்கள்

டென்மார்க்கின் யூலண்ட் பகுதியில் எனக்குத் தெரியாத தெரு இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டென்மார்க்குக்கு வந்த புதிதில், டேனிஷ் வகுப்பில் ஆசிரியை என்னை வாசிக்கச் சொன்னால் இருமல் வந்தது போல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவேன். பன்றி வெட்டும் தொழிற்சாலையில் குளிருக்குள் ஒன்பது வருடம் நின்றேன். பிறகு ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், கருவாடு என்று ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றேன். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களை ஓர் ஊருக்கு நாலு குடும்பம், ஐந்து குடும்பம் என்று யூலண்ட் முழுவதும் பிரித்துக் குடியேற்றியிருந்தார்கள். வழி சொல்லும் கைபேசி அப்போது இல்லை. தெருப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க முதல் வான் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் தேவாலயக் கோபுரம், காற்றாலை, மாட்டுப் பண்ணை, வளைவு என்று படம் படமாக வழியை மனதில் வைத்துக்கொண்டேன். இன்று வைலேயில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறேன். படித்த டேனிஷ்காரனும் என்னிடம் வழி கேட்கலாம்.

இந்தத் திறமைதான் என் மகனை இல்லாமல் செய்யப் பார்த்தது.

அவன் ஒரே பிள்ளை. என்சினியர். பாலமோ கட்டடமோ எழும்ப முதல் நிலத்தைத் துளைத்து மண்ணை எடுத்துப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்லுகிற வேலை. கோப்பன்ஹேகனில் தனியாக இருந்தான். அவன் பட்டம் வாங்கிய படத்தைக் கடையில் காசு வாங்கும் மேசைக்கு மேலே மாட்டியிருந்தேன். பருப்பு வாங்க வருகிறவர்களும் அவன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

போன வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தோளில் ஒரு பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். வேலையிலிருந்து வருத்த விடுப்பு எடுத்துவிட்டதாகச் சொன்னான். வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். காய்ச்சலா, முதுகு நோவா என்று கேட்டேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பிறகு அந்தக் கையைத் தலைக்கு உயர்த்தினான். பிறகு கீழே போட்டுவிட்டான்.

நிலக்கீழ் அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தோம். பகலிலும் யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். மனைவி கொண்டுபோய் வைத்த சோறு அப்படியே திரும்பி வரும். ஒரு நாள் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தில் துணி எடுக்கப் போனவள் வெறுங்கையோடு மேலே வந்து கதிரையில் இருந்தாள்.

"அழுறான்," என்றாள். "சின்னப் பிள்ளை மாதிரி இல்லை. ஆம்பிளை அழுற மாதிரி."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரியாதது ஒன்று வந்தால் நான் அதை மூடி மறைப்பேன். அந்த வகுப்பில் இருமினவன் தானே நான்.

அந்த நேரம் அவனுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். லண்டனில் ஒன்று, கனடாவில் ஒன்று. மனதில் வருத்தம், மனநோய் என்று எங்கள் ஆட்கள் காதில் விழுந்தால் அதன் பிறகு ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார்கள். ஆகவே மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். நோர்வே என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கும் எங்கள் ஆட்கள் நிறைய, பிடிபட்டுவிடும். யோசித்துக் கிறீன்லாந்து என்றேன். அங்கே விமான நிலைய வேலை, பெரிய பொறுப்பு, இரண்டு வருடம் திரும்ப முடியாது. கிறீன்லாந்தில் எந்தத் தமிழன் நின்று பார்க்கப் போகிறான் என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"அங்கை சாப்பாட்டுக்கு என்ன செய்யிறான், அண்ணை?" என்று ஒரு வாடிக்கைக்காரி கேட்டாள்.

"நான் இஞ்சையிருந்து பெட்டி கட்டி அனுப்புறன். புட்டு மா, தூள், எல்லாம்."

"மீன் நல்லாய்க் கிடைக்குமே?"

"அங்கை மீன் தவிர வேறை என்ன இருக்கு, பிள்ளை?"

அவள் போன பிறகு என் காலுக்குக் கீழே இருந்த நிலத்தைப் பார்த்தேன். கடையிலிருந்து ஏழு நிமிட நடைத் தூரத்தில், என் வீட்டு நிலத்துக்குக் கீழே, அவன் படுத்திருந்தான்.

சித்திரையில் வைத்தியர் அவனை வெளியே போய் உடம்பை அசைக்கச் சொன்னார். அவன் பழைய ஓட்டச் சைக்கிளைத் துடைத்து எடுத்தான். முதல் நாளே நகரின் கடைத் தெருவால் போயிருக்கிறான். அன்று மாலை ஒருவர் கடைக்கு வந்து, "கிறீன்லாந்திலையிருந்து லீவிலை வந்திட்டானோ?" என்று கேட்டார். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் எங்கள் பொடியன்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் என்று சொல்லிச் சிரித்து அனுப்பினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மகனுக்குச் சொன்னேன்: "சைக்கிள் ஓடு. நல்லது. ஆனால் எங்கட ஆட்கள் இருக்கிற பக்கம் வேண்டாம். நான் வழி போட்டுத் தாறன்."

அவன் தட்டைப் பார்த்தபடி டேனிஷில் ஏதோ சொன்னான். 'எனக்கு எப்படியும் சரி' என்று அதற்கு அர்த்தம். மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் அவனை ஒளிச்சு வைக்கிறியள்," என்றாள்.

"காப்பாத்துறன்," என்றேன்.

வைலேயைச் சுற்றி ஏற்ற இறக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் எங்கும் எங்கள் ஆட்களின் கார் ஓடுகிறது. கோல்டிங்கிலும் ஹேர்னிங்கிலும் அப்படித்தான். எங்கே எங்கள் குடும்பம் ஒன்றுகூட இல்லை என்று மனதுக்குள் வானை ஓட்டிப் பார்த்தேன். வடக்கே, லிம் ஃபியோர்டுக்குள் கிடக்கும் ஃபூர் தீவு ஞாபகத்துக்கு வந்தது. சின்னத் தீவு. கரையிலிருந்து ஃபெரிக் கப்பலில் நாலைந்து நிமிடம். முன்பு ஒரு தரம் வழி தவறி, அரிசி மூட்டைகளோடு கப்பலில் ஏறி அங்கே போய் இறங்கியிருந்தேன். ஒரு மூட்டையும் விற்கவில்லை. ஆனால் மறுபடி கப்பலுக்கு வருவதற்குள் அந்தத் தீவு முழுவதும் என் தலைக்குள் வந்துவிட்டது.

டென்மார்க் தட்டை நாடு என்று சொல்கிறவர்கள் அங்கே சைக்கிள் ஓடிப் பார்க்க வேண்டும். மேடும் பள்ளமும் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். வானை இரண்டாம் கியரில் போட்டுத்தான் ஏற்றினேன். வடக்குக் கரையில் வெள்ளைக் களிமண் செங்குத்தாக நிற்கும். அதற்குள் கறுப்புக் கோடுகள், மை தொட்டு இழுத்தது போல, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. உல்லாசப் பயணிகள் வரும் பெருந்தெருவை விட்டால் மற்றத் தெருக்களில் மணிக்கணக்கில் ஒரு சீவன் இராது.

மிளகாய்த்தூள் வந்த மட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் மூன்று வழி வரைந்தேன். மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு டேனிஷ் எழுத்து ஓடாது. ஆகவே படமாக வரைந்தேன்: கோபுரம் வந்தால் இடப்பக்கம், இரண்டு மாடு நிற்கும் வேலிக்குப் பிறகு ஏற்றம். மூன்றாவது வழிதான் திறமானது. களிமண் தோண்டிக் கைவிட்ட பழைய கிடங்குப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கும் கல் தெரு. கார் போக முடியாதபடி குறுக்கே தடி போட்டிருக்கும். ஆள் நடமாட்டம் அறவே இல்லை. அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு மனிதத் தலையை வரைந்து, அதன் மேல் குறுக்கே கோடு கீறினேன். இங்கே ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

முதல் தரம் அவனோடு நானும் போனேன். அவன் ஓட, நான் வானில் பின்னால் போனேன். கரையில் அந்தக் கறுப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். விரலால் கோட்டைச் சுரண்டி மணந்து பார்த்தான். பிறகு கதைத்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து நாலு சொல்லுக்கு மேல் கதைக்காதவன், கால் மணி நேரம் கதைத்தான்.

"இது சாம்பல், அப்பா. எரிமலைச் சாம்பல். வடக்கே, கடலுக்கு அங்காலை வெடிச்சது. காத்திலை வந்து கடலிலை விழுந்து அடியிலை படிஞ்சது. ஒரு கோடு, ஒரு வெடிப்பு."

"இவ்வளவும் வெடிச்சதோ?"

"ஓம். இடையிலை இருக்கிற வெள்ளைதான் சும்மா இருந்த காலம்."

"வெள்ளைதானே கூட இருக்கு," என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்து போனது. அந்த ஒன்றை நான் மூன்று மாதம் வைத்துத் தின்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விடிய ஏழு மணிக்குப் போவான். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவான். முகம் கறுத்து உடம்பு இறுகியது. சோறு தின்றான். என் மருந்து வேலை செய்கிறது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை அவன் மதியத்துக்கு வரவில்லை. ஒரு மணிக்கு மனைவி கடைக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை வரேல்லை. போன் அடிச்சு அடிச்சு நிக்குது."

"வருவான். கடை நிறையச் சனம்."

"காலமை போகேக்கை என்னைக் கட்டிப் பிடிச்சவன்," என்றாள். "அவன் அப்பிடிச் செய்யிறவன் இல்லை."

ஆனாலும் உடனே எழும்பவில்லை. எழும்பினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பயத்திலேயே இரண்டு மணி வரைக்கும் மரக்கறி நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

கடை வானை எடுத்துக்கொண்டு ஓடினேன். துறைமுகத்தில் அவனுடைய கார் நின்றது. பூட்டியிருந்தது. கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். ஆசனத்தில் அவன் கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது. அதற்கு மேல் என் மட்டை வரைபடம். கப்பற்காரர் காலை எட்டரைக்கு அவனை ஏற்றியதாகவும் திரும்பி ஏற்றவில்லை என்றும் சொன்னார். கப்பலில் நின்றபடி பொலிசுக்கு எடுத்தேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். வயது என்ன, என்ன உடுப்பு, எந்த நிறச் சைக்கிள்.

"அவருக்கு ஏதும் வருத்தம் உண்டா? மனம் சோர்ந்திருந்தாரா?"

"இல்லை," என்றேன். "என்சினியர். நல்ல சந்தோசமான பிள்ளை."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எட்டு மாதம் பழகிய வாய். அவள், வளர்ந்த ஆள்தானே, சைக்கிள் பழுதாகியிருக்கலாம், தேடிப் பாருங்கள், காணாவிட்டால் மறுபடி எடுங்கள் என்றாள். அவள் மேல் பிழை இல்லை. நான் சொன்ன பிள்ளைக்கு அது சரியான பதில்.

முதல் வழியையும் இரண்டாவதையும் வானில் ஓடி முடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி இறங்கி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை, வீடு இருந்தால்தானே. செம்மறி ஆடுகள் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேய்ந்தன. என் கெட்டித்தனம் அவ்வளவும் அங்கே பரந்து கிடந்தது. ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று தேடித் தேடிப் பொறுக்கிய தெருக்கள். யாரிடம் போய், கண்டீர்களா என்று கேட்பது?

மூன்றாவது தெருவின் குறுக்குத் தடியில் வானை விட்டுவிட்டு நடந்தேன். முழங்கால் இரண்டும் தேய்ந்தவன் நான். ஏற்றத்தில் மூச்சு அறுந்தது. பாதித் தூரத்தில் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கிடங்குக்கு, ஒன்று கரை முனைக்கு. என் கால் கரை முனைக்குப் போனது. ஏன் அங்கே போனேன் என்று எனக்குத் தெரியும். விளிம்பில் நெஞ்சு நிலத்தில் பட விழுந்து படுத்து, தலையை மட்டும் நீட்டிக் கீழே பார்த்தேன். கடற்கரையில் கல் கிடந்தது. கல் மட்டும்தான் கிடந்தது. இன்னும் நீட்டிப் பார்த்தேன். என் முகத்துக்கு நேர் கீழே அந்தக் கறுப்புக் கோடுகள்.

அப்படிப் படுத்த படியே கைபேசியை எடுத்தேன். நேரம் ஐந்து. சூரியன் போக இரண்டு மணித்தியாலம் இல்லை. தீவுக்குக் கிட்ட இருக்கிற எங்கள் ஆள் ஒருவர்தான்: ஸ்கீவேயில் இருப்பவர். அந்த நாளில் அரிசி கொண்டு போனால் என்னைச் சாப்பிட வைத்து அனுப்பியவர். ஐந்து வருடத்துக்கு முன் தன் மகளுக்கு என் மகனைக் கேட்டு வந்தார். மகள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. என் மகன் என்சினியர், உங்கள் பிள்ளை கிழடுகளைக் கழுவுகிற பிள்ளை, எப்படிப் பொருந்தும் என்று கடையில் நாலு பேர் நிற்கச் சொன்னவன் நான். அவள் வேறு இடத்தில் கல்யாணம் கட்டிப் பிள்ளைகளும் உண்டு. அவர் அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை.

"அண்ணை, நான் வைலேக் கடை."

"முதலாளியோ? சொல்லுங்கோ. அரிசி விக்கேல்லையோ?"

"அண்ணை, என்ர மகனைக் காணேல்லை."

"கிறீன்லாந்திலையோ? நான் இஞ்சையிருந்து என்ன செய்ய?"

"அவன் கிறீன்லாந்துக்குப் போகேல்லை. எட்டு மாசமாய் என்ர வீட்டு நிலக்கீழ் அறையிலை இருக்கிறான். மனம் சரியில்லை. வருத்தம். நான்தான் ஒளிச்சு வைச்சனான். காலமை ஃபூருக்குச் சைக்கிளிலை வந்தவன், திரும்பேல்லை. நான் கரை விளிம்பிலை கிடக்கிறன், அண்ணை. கீழை பாத்திட்டன். இல்லை. வேறை எங்கை பாக்கிறதெண்டு தெரியேல்லை."

சொல்லி முடித்துவிட்டேன். ஏதாவது ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

"என்ர பிள்ளையைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறக்கேல்லை, முதலாளி. மறக்கவும் மாட்டன்."

"ஓம்."

"அது பிறகு. எந்தப் பக்கம்? வடக்குக் கரையோ? நீங்கள் விளிம்பிலையிருந்து எழும்பிக் கப்பலடிக்கு வாங்கோ. நான் வாறன். மற்ற ஆட்களுக்கும் அடிக்கிறன்."

"என்னெண்டு சொல்லுவியள்?"

"நீங்கள் சொன்னதைத்தான் சொல்லுவன். பொய் சொன்னால் ஆர் வருவினம்?"

பொலிசுக்கும் திருப்பி எடுத்தேன். முதலில் சொன்னது பொய் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் குரல் மாறியது. நாயோடு ஆட்கள் வருவார்கள், ஹெலிகொப்டரும் கேட்கிறேன் என்றாள்.

அரை மணித்தியாலம் கழித்து ஸ்கீவேக்காரர் கப்பலால் இறங்கினார். பக்கத்தில் அவருடைய மகள், வேலை உடுப்போடு. அடுத்த கப்பலில் வீபோரிலிருந்து இரண்டு கார். அதற்கடுத்ததில் ஹொல்ஸ்டபுரோ, ஹேர்னிங். ஹேர்னிங்கிலிருந்து வந்தவர்கள் ஏதோ பூப்புனித நீராட்டு விழாவில் இருந்து அப்படியே எழும்பி வந்திருந்தார்கள். பட்டுவேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். கப்பற்காரர் இன்றைக்கு என்ன திருவிழாவா என்று என்னிடம் கேட்டார். இல்லை, என் மகன் என்று சொன்னேன்.

வானில் கிடந்த வெறும் பெட்டிகளைக் கிழித்தேன். ஒரு காருக்கு ஒரு மட்டை. கோபுரம், மாட்டு வேலி, வளைவு. அவசரத்தில் மாடு மாடாக வரவில்லை.

"இது என்ன, அண்ணை, நாயோ?" என்று ஹேர்னிங்காரர் ஒருவர் கேட்டார்.

"மாடு."

"சரி, நாலு கால் உள்ள ஏதோ ஒண்டு," என்றுவிட்டு ஓடினார். ஒருவரும் கிறீன்லாந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

சூரியன் கடலைத் தொடுகிற நேரம் ஸ்கீவேக்காரரின் சத்தம் கேட்டது. மூன்றாவது தெருவில், தெரு பிரிகிற இடத்தில் நான் போகாத பக்கம். மேலே, கிடங்கின் விளிம்பில், பற்றைக்குள் செருகிய சைக்கிளின் முன் சில்லு வானத்தைப் பார்த்து நின்றது. மகன் கீழே, வெள்ளைக் களிமண்ணில் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கால் கால் மாதிரி இல்லை. உதடு நீலம். கண் திறந்திருந்தது.

நான் சறுக்கி இறங்கி அவன் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கப் போனேன். இன்னும் இருவர் காலைப் பிடிக்க வந்தார்கள்.

"தொடாதேங்கோ, மாமா," என்றாள் ஸ்கீவேக்காரரின் மகள். "கையை எடுங்கோ. முள்ளந்தண்டு பாக்காமல் தூக்கக் கூடாது."

எடுத்தேன். அவள் முழந்தாளில் இருந்து அவன் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, டேனிஷில் மெல்ல மெல்லக் கதைத்தாள். விரலை அசை, பெருவிரலை அசை. பட்டுவேட்டிகளை அவிழ்த்து அவன் மேல் மூடச் சொன்னாள். ஹேர்னிங்காரர்கள் காற்சட்டை கூட இல்லாமல் உள்ளுடுப்போடு நின்றார்கள். ஹெலிகொப்டர் வரும்வரை அவள் கை அசையவில்லை. இந்தக் கையைத்தான் நான் கடையில் வைத்துப் பழித்தேன்.

மகன் என்னைப் பார்த்து, மன்னித்துக்கொள் என்று டேனிஷில் சொன்னான்.

"நான் கேக்க வேண்டியது," என்றேன்.

தொடை எலும்பும் தோள் எலும்பும் முறிந்திருந்தன. முதுகு தப்பிவிட்டது. சைக்கிளை நான்தான் வானில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் கொல்லைப்புறத்தில் வைத்து அதைப் பார்த்தேன். முன் சில்லு நெளிந்திருந்தது. பிரேக் இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் நன்றாகப் பிடித்தன. அங்கே கல் தெரு, சில்லு வழுக்கியிருக்கலாம். வழுக்கியதோ, அவன் வழுக்க விட்டதோ, நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மன வைத்தியர் ஒருவரோடு அவன் நாள்தோறும் கதைத்தான். கதவு மூடியிருக்கும். வெளியே வாங்குப் பலகையில் நான் இருப்பேன். பெருமை பேசியே எழுபது வயதை எட்டப்போகிறவன், மூடிய கதவுக்கு வெளியே காதைத் தீட்டாமல் இருக்கப் பழகினேன்.

கடையில் அந்தப் பட்டப் படம் இன்னும் தொங்குகிறது. மகன் எங்கே என்று கேட்டால், "வீட்டிலை. மனவருத்தம். மருந்து எடுக்கிறான்" என்கிறேன். முதல் சில நாள் அதைச் சொல்ல முதல் இருமல் வந்தது. கனடாச் சம்பந்தக்காரர் பிறகு எடுக்கவே இல்லை. லண்டன்காரர் ஒரு தரம் எடுத்துச் சுகம் கேட்டார்.

இந்த வருடம் வைகாசியில் அவன் திரும்பவும் சைக்கிளில் ஏறினான். நான் புதிய வழி வரைந்தேன். இந்த முறை எதிர்மாறாக: எங்கள் ஆட்களின் வீடுகளைப் புள்ளி புள்ளியாகப் போட்டு, அவற்றைத் தொட்டுத் தொட்டுப் போகும் வழி. வைலேயிலிருந்து கோல்டிங்குக்குப் போய்த் திரும்புவது. வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன்.

"அண்ணை, உங்கட மகன் இப்ப எங்கட சந்தியைத் தாண்டுறான்," என்று எடுப்பார்கள்.

"எப்பிடி இருக்கிறான்?"

"கை காட்டினனான். தலையாட்டினவன்."

முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டான்: "அப்பா, நான் சைக்கிள் ஓடுறனோ, தேர் வலம் வாறனோ? வீட்டுக்கு வீடு வாசலிலை நிக்கினம்." கோபமாகத்தான் கேட்டான். ஆனாலும் வழியை மாற்றவில்லை.

ஒரேயொரு இடம் இருக்கிறது. கோல்டிங்கின் கடைசி வீட்டுக்கும் வைலேயின் முதல் வீட்டுக்கும் இடையில் காடும் ஏற்றமும் வரும். அந்த ஒரு மணி நேரத் தூரத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. வானை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன் என்றதற்கு அவன் வேண்டாம் என்றான். அதை மட்டும் தனியாக ஓட விடச் சொன்னான்.

இதை நான் கடை மேசையில் இருந்து எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. கோல்டிங்கின் கடைசி வீட்டிலிருந்து பத்தரைக்கு எடுத்துவிட்டார்கள். வைலேயின் முதல் வீட்டிலிருந்து பதினொன்றரைக்கு எடுக்க வேண்டும். இப்போது பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். கடைத் தொலைபேசி பேசாமல் கிடக்கிறது. கைபேசி மட்டும் அடித்தது. இந்த நேரத்துக்கு ஸ்கீவேக்காரர் எடுப்பார். எல்லாச் சனிக்கிழமையும் எடுப்பார்.

"முதலாளி, வந்திட்டானாமோ?"

"இன்னும் இல்லை, அண்ணை. இருபது நிமிசம் பிந்திப்போச்சு."

"காத்து எதிராய் அடிக்குது, அதாய் இருக்கும். வைச்சிடாதேங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ஏதும் கதையுங்கோ. பெருமையெண்டாலும் பறுவாயில்லை. மற்றப் போன் அடிக்கும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."